நாற்பது நாளில் எண்ணூறு புள்ளி

"நாப்பது நாள்ல எண்ணூறு புள்ளி ஏறணும்னா ஒண்ணு மேதையா இருக்கணும், இல்ல திருடியா இருக்கணும். நடுவுல எதுவும் கிடையாது," என்றான் அம்கலன்.

செவெல்மா அக்கா கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் மங்கோலியத் தலைநகர் உலான்பாதரில் ஐந்து மாதமாகக் குளிர், ஐந்து மாதமாக நிலக்கரிப் புகை. அந்த மாதத்தில் எங்களுக்கு இது மூன்றாவது வழக்கு. முந்தைய இரண்டும் காணாமல் போன கணவர்கள். இரண்டு பேரையும் கண்டுபிடித்தோம், இரண்டு பேருமே எங்களுக்கு நன்றி சொல்லவில்லை.

அக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு. இருபத்தேழு வருடம் போலீஸில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுநாளே சொந்தமாகத் துப்பறியத் தொடங்கியவர். ஓய்வு என்ற சொல்லே அவருக்கு ஒத்துவராது என்பார்கள். எனக்கென்னவோ அவர் அதற்காகத்தான் ஏங்குகிறார் என்று தோன்றும். நான் அவருடைய உதவியாளன் தோர்ஜ்பலாம், அக்காவுக்குப் பலாம். வண்டி ஓட்டுவது, படியேறுவது, தேவையில்லாததைப் பேசுவது என் துறைகள். அன்று செவ்வாய்க்கிழமை, எங்கள் வண்டி எண்ணுக்குத் தெருவில் இறங்க அனுமதி இல்லாத நாள் என்பதால், முதலாவது துறைக்கும் வேலை இல்லை. பஸ்ஸில் நசுங்கித்தான் அம்கலனின் அறைக்கு வந்து சேர்ந்தோம்.

"ஒரு நிமிஷ ஆட்டம்னா என்னன்னு தெரியும்ல அக்கா?" என்று கேட்டான் அவன். தூல் நதிக்கரை சதுரங்கக் கழகத்தின் இணையப் போட்டிகளுக்கு அவன்தான் பொறுப்பு. முப்பது வயது, மெலிந்த உடம்பு, தூக்கம் போதாத கண்.

"ஆளுக்கு அறுபது செகண்டு. அதுக்குள்ள முடிக்கணும். நேரம் தீர்ந்தாலும் தோல்வி. இவன் சொல்லியிருக்கான்," என்று என்னைக் காட்டினார் அக்கா. "மூணு வருஷமா ஆடறான்."

"உங்க ரேட்டிங் எவ்வளவு அண்ணே?"

"தொள்ளாயிரம்."

"தொடங்கும்போது?"

"தொள்ளாயிரத்து நாப்பது."

அம்கலன் சிரிக்காமல் இருக்க முயற்சி செய்தான். அந்த மட்டில் நல்ல பையன்.

வழக்கு இதுதான். யஞ்ஜ்மா என்கிற நாற்பத்து நான்கு வயதுப் பெண், ஒரு பள்ளிக்கூடத்தில் சதுரங்கம் சொல்லித்தரும் ஆசிரியை. ஆறு வருடமாக இணையத்தில் ஒரு நிமிட ஆட்டம் ஆடி, ஆயிரத்து முந்நூறு புள்ளியிலேயே நின்றுகொண்டிருந்தவர். திடீரென்று நாற்பது நாளில் இரண்டாயிரத்து நூறு. அதோடு நிற்காமல் கழகத்தின் வெள்ளை மாதப் புத்தாண்டுக் கோப்பையையும் ஜெயித்துவிட்டார். கம்ப்யூட்டர் சொல்லித்தர, அதைப் பார்த்து ஆடினார் என்று கழகம் குற்றம் சாட்டியிருந்தது. விசாரணை அன்று மாலை நான்கு மணிக்கு. குற்றம் உறுதியானால் வேலை போய்விடும் என்று தலைமையாசிரியை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாராம். "அந்த வேலைதான் எங்க வீட்டு அடுப்பு," என்று முந்தைய நாள் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து யஞ்ஜ்மா சொன்னார். அழவில்லை. அழுதிருந்தால் அக்கா அந்த வழக்கை எடுத்திருக்க மாட்டார்.

"எண்ணூறு புள்ளி மட்டும்தான் உன் சந்தேகமா தம்பி?" என்று கேட்டார் அக்கா.

"இல்ல. நேரத்தப் பாருங்க." அம்கலன் திரையை எங்கள் பக்கம் திருப்பினான். "கண்ணுக்கு நேரா ஒரு காய் இலவசமா நிக்குதுன்னா கால் செகண்டுல வெட்டுவோம். குழப்பமான நெலமைன்னா மூணு செகண்டு யோசிப்போம். மனுஷன் அப்படித்தான். இவங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரே செகண்டு. எளிசோ கஷ்டமோ, ஒரு செகண்டு. எங்கயோ பாத்து இங்க ஆடறவங்கதான் அப்படி ஆடுவாங்க."

"வேற?"

"எதிராளி ஆடறதுக்கு முன்னாடியே நம்ம நகர்வப் போட்டு வெக்கலாம். அவன் ஆடின உடனே நம்மது தானா விழும், நேரமே செலவாகாது. ஒரு நிமிஷ ஆட்டத்துல முன்னேறணும்னா மொதல் பாடமே அதுதான். இந்த நாப்பது நாள்ல இவங்க ஒரு தடவகூட அப்படிப் போட்டதில்ல. அது தெரியாம எப்படி அக்கா ஒருத்தர் இரண்டாயிரத்து நூறுக்கு வருவாங்க?"

"இறுதி ஆட்டத்துல அவங்ககிட்டத் தோத்தது யாரு?"

அவன் காது சிவந்தது. "நான்தான்."

"எத்தனாவது நகர்வுல?"

"முப்பத்தி ரெண்டு."

"கல்யாண நாள் மாதிரி ஞாபகம் வெச்சிருக்கியே," என்றேன் நான்.

"அதனால சொல்றேன்னு நெனைக்காதீங்க அண்ணே," என்றான் அம்கலன். குரலில் கோபமில்லை, அலுப்புதான் இருந்தது. "அவங்க நேர்மையா ஜெயிச்சிருந்தா எனக்கும் சந்தோஷம்தான். தோத்தது மனுஷங்ககிட்டன்னு ஆகும்ல."

யஞ்ஜ்மாவின் அந்த நாற்பது நாள் ஆட்டங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான்.

*

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். எனக்கு இறைச்சி வைத்து அவித்த பூஸ் கொழுக்கட்டை ஆறு, அக்காவுக்கு உப்புப் பால்தேநீர் மட்டும். மடிக்கணினியில் ஆட்டங்கள் ஒவ்வொன்றாக ஓடின. ஐம்பதாவது ஆட்டத்தில் என் கண் சொக்கியது. நூறாவது ஆட்டத்தில் பூஸின் கொழுப்பு தட்டில் வெள்ளையாக உறைந்துவிட்டது. அக்கா மட்டும் கன்னத்தில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். இருபத்தேழு வருடம் திருடர்களின் பொய்யைக் கேட்டுப் பழகிய முகம் அது, எதையும் காட்டாது.

"அக்கா, நூத்தி எழுபது ஆட்டமாச்சு. ஒண்ணு மட்டும் சொல்றேன். எல்லா ஆட்டத்துலயும் மொதல் நகர்வு ராணிக்கு முன்னாடி இருக்கற சிப்பாய், ரெண்டு கட்டம். மாத்தவே இல்ல."

"பாத்தேன். நீ என்ன ஆடுவ?"

"நானும் அதான். எங்க ஊர்ல எல்லாரும் அதான்."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஓர் ஆட்டத்தை நடுவில் நிறுத்தித் திரையை என் பக்கம் தள்ளினார்.

"யஞ்ஜ்மா வெள்ளை. அவங்க முறை. நீயா இருந்தா என்ன செய்வ?"

பார்த்தேன். கறுப்பு ராஜா மூலையில் சொந்தக் காய்களுக்கு நடுவே சிக்கியிருந்தது. "யானைய எறக்கி செக் வெப்பேன்."

"யஞ்ஜ்மாவும் அதையேதான் செஞ்சிருக்காங்க. ஆனா இங்க ஒரே நகர்வுல மேட் இருக்கு. தேடு."

தேடினேன். யானையைப் பார்த்தேன், ராணியைப் பார்த்தேன், மந்திரியைப் பார்த்தேன். ஒரு நிமிடம் அல்ல, ஐந்து நிமிடம் தேடினேன். தட்டை எடுக்க வந்த கடைக்காரப் பெண் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"குதிரைய வெச்சா முடிஞ்சுது," என்று சொல்லிவிட்டு, நின்றுகூடப் பார்க்காமல் தட்டோடு போய்விட்டாள்.

"அது செக்தான்மா. மேட் ஆகாது," என்றேன் அவள் முதுகைப் பார்த்து.

"ஏன் ஆகாது?" என்று அக்கா கேட்டார்.

"குதிரையால மேட் பண்ணக் கூடா..." என்று தொடங்கியவன் அப்படியே வாயை மூடிக்கொண்டேன்.

நான் மேற்கே ஹோவ்து பக்கத்து மேய்ச்சல்காரர் கூடாரத்தில் வளர்ந்தவன். அங்கே குளிர்காலம் முழுக்க ஆடுவது நம் பழைய மங்கோலியச் சதுரங்கம். அதில் குதிரை ராஜாவை மிரட்டலாம், விரட்டலாம், முடிக்க மட்டும் கூடாது. ஏன் என்று யாரும் சொன்னதில்லை. ஆறு வயதில் குதிரையால் மேட் வைத்துவிட்டுத் துள்ளியபோது என் சித்தப்பா கையில் ஒன்று போட்டார், அவ்வளவுதான் விளக்கம். தொடக்கத்தில் இரண்டு கட்டம் தாண்டுவதும் அதில் ராணிச் சிப்பாய்க்கு மட்டுமே உள்ள சலுகை. பெரியவனாகி உலக விதிகளையெல்லாம் கற்றுக்கொண்டேன். குதிரை மேட் செல்லும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், கண் அந்தப் பக்கமே போக மறுக்கிறதே.

"பதினோரு தடவ," என்றார் அக்கா. "இதுவரைக்கும் பதினோரு தடவ குதிரையால ஒரே நகர்வுல முடிச்சிருக்கலாம். பதினொண்ணையும் விட்டுட்டாங்க. ராணி மேட், யானை மேட், சிப்பாய் மேட், ஒண்ணுகூடத் தப்பல. கம்ப்யூட்டருக்கு எந்தச் சித்தப்பாவும் கையில அடிச்சிருக்க மாட்டார்."

"அப்ப ஜெயிச்சிட்டோம். வழக்கு முடிஞ்சுது. வாங்க, வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்."

அக்கா எழுந்திருக்கவில்லை. ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தார்.

"யஞ்ஜ்மா எங்க பொறந்தவங்கன்னு சொன்னாங்க?"

"இங்கதான். அப்பா ரஷ்யப் பள்ளிக்கூடத்துல வாத்தியார்னு..." பாதியில் எனக்கும் உறைத்தது. நகரத்து வாத்தியார் வீட்டில் வளர்ந்தவருக்கு அந்தக் கூடாரத்துக் குதிரைப் பழக்கம் வந்திருக்காது. "எனக்குத் தூக்கம் போச்சு அக்கா."

*

ஐந்தாவது மாடி. லிஃப்ட் பழுது. என் இரண்டாவது துறையில் அன்று நான் நன்றாகவே உழைத்தேன்.

கதவைத் திறந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர். "வீட்டுக்காரர். சுந்துய். அதிகம் பேச மாட்டார்," என்று உள்ளேயிருந்து வந்த யஞ்ஜ்மா அறிமுகம் செய்தார். சுந்துய் தலையசைத்தார், எங்களுக்குத் தேநீர் ஊற்றி வலது கையால் நீட்டினார், இடது கை முழங்கையைத் தாங்கியிருந்தது. மரியாதையில் குறையில்லை. குறை அந்த வலது கையில் இருந்தது. கட்டைவிரல் மட்டும் முழுசு, மற்ற நான்கும் பாதியில் நின்றுவிட்டிருந்தன. பனி கடித்த கை. கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் சுவரைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் ஒரு டேப்லட் கவிழ்ந்து கிடந்தது.

"நல்ல செய்தி இருக்கு. அத அப்புறம் சொல்றேன்," என்றார் அக்கா. "முதல்ல ஒண்ணு கேக்கணும். ஒரு நிமிஷ ஆட்டத்துல முன்னேறறது எப்படி டீச்சர்? இவன் மூணு வருஷமா கீழ போய்ட்டிருக்கான்."

யஞ்ஜ்மா வகுப்பில் பேசுவதுபோல் சரளமாகப் பேசினார். "யோசிக்கறத நிறுத்தணும். நல்ல நகர்வத் தேடாம, சட்டுனு ஆடக்கூடிய நகர்வத் தேடணும். எப்பவும் ஒரே தொடக்கம் ஆடணும், கை பழகும். எதிராளி வெட்டுவான்னு தெரிஞ்சா, திருப்பி வெட்டறத முன்னாடியே போட்டு வெச்சிடணும். நேரம் கம்மியா இருந்தா செக் வெச்சிட்டே இருக்கணும், அவனுக்குப் பதறும். ஆனா எல்லாத்தையும் விட முக்கியம், தோத்த உடனே அடுத்த ஆட்டம் ஆடக் கூடாது. எழுந்து தண்ணி குடிக்கணும்."

"நான் ஆடிக்கிட்டே தண்ணி குடிப்பேன்," என்றேன்.

"அதான் தொள்ளாயிரம்," என்றார் அக்கா. "ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்க இவனுக்கு. நீங்க போன்ல, அவன் அவனோட போன்ல."

யஞ்ஜ்மா ஒரு நொடி தயங்கினார். பிறகு, ஆசிரியைதானே, சரி என்றார்.

ஆடினோம். அவருடைய இரு கட்டைவிரல்களும் பறந்தன. நான் வெட்டும் முன்பே திருப்பி வெட்டுவதற்குத் தயாராக இருந்தார். முப்பத்தைந்து நொடியில் என் ராஜா மூலைக்கு ஓடியது. யானை வருமா, ராணி வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு குதிரை வந்து உட்கார்ந்தது. ஆட்டம் முடிந்தது. அந்தக் கடைசி நகர்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் அரை நொடிகூட இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவரோர நாற்காலியையும் பார்க்கவில்லை. "சமையலறைக்குப் போய்ப் பேசலாமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா குதிரை விஷயத்தைச் சொன்னார். குரலை ஏற்றாமல், குற்றம் சாட்டாமல் சொன்னார். "இப்ப நீங்க குதிரையால முடிச்சீங்க. அரை செகண்டு. நகர்வ முன்னாடியே போட்டும் வெச்சீங்க. அந்த முந்நூத்திப் பன்னெண்டு ஆட்டத்த ஆடினது நீங்க இல்ல. உங்க வீட்டுக்காரரோட கைக்கு விரல் போதல. டேப்லட்ல காயத் தொட்டு இழுக்க எல்லாத்துக்கும் ஒரு செகண்டு ஆகுது. முன்னாடியே போட்டு வெக்கறதுக்கு விரல் அதவிட வேகமா ஓடணும், அது அவரால முடியல."

யஞ்ஜ்மா அடுப்பைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த அடுப்பு.

"அவர் ஊர்ல ஆடு மேய்ச்சிட்டிருந்தார், நான் இங்க வேலையில. ரெண்டு வருஷம் முன்னாடி, புல்லு மேல பனி கல்லாட்டம் எறுகிப்போச்சே, அந்தக் குளிர்காலத்துல நானூறு ஆடும் போச்சு," என்றார். "கடைசி ஆட்டக்கூட விடக் கூடாதுன்னு மூணு நாள் பனியத் தோண்டினார். விரலும் போச்சு. அங்க என்ன இருக்குன்னு இங்க கூட்டிட்டு வந்தேன். அன்னிக்கு அந்த நாற்காலியில உக்காந்தவர்தான். கீழ எறங்கறதில்ல. யார்கிட்டயும் பேசறதில்ல. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பாத்தா, என் கணக்குல நூத்தம்பது புள்ளி கூட இருக்கு. டேப்லட்ட வீட்டுல விட்டுட்டுப் போயிருந்தேன்."

"கேட்டீங்களா?"

"கேட்டா நிறுத்திடுவாரே அக்கா."

"அவருக்குன்னு தனிக் கணக்கு தொடங்கியிருக்கலாமே," என்றேன் நான்.

"தொடங்கினேன். பேர் என்ன போடணும்னு கேட்டேன். பேர் எழுதற அளவுக்கு எங்கிட்ட என்ன இருக்குன்னு சொல்லி டேப்லட்டக் கவுத்து வெச்சிட்டார். மூணு நாள் தொடல. பயந்துட்டேன். அதுக்கப்புறம் பேர்ப் பேச்சே எடுக்கல." அவர் துணியைப் பிழிந்து மடித்தார். "போட்டியில சேத்துவிட்டது நான்தான். மூணாவது சுத்துல தோத்துடுவார்னு நெனச்சேன். ஜெயிச்சிட்டே இருந்தார். ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் தேநீர் வேணும்னார். ரெண்டு வருஷத்துல அவரா வாயத் தொறந்து ஒண்ணு கேட்டது அன்னிக்குத்தான். அப்ப எப்படி அக்கா போதும்னு சொல்லுவேன்?"

மடித்த துணியை அக்கா வாங்கி ஓரமாக வைத்தார்.

"கழகம் விசாரிக்கறது ஒரே கேள்வி," என்றார் அக்கா கடைசியில். "கம்ப்யூட்டர் உண்டா, இல்லையா. இல்லன்னு எழுதுவேன். அது நெஜம். அதுக்கு மேல எதையும் எழுத மாட்டேன். உங்க வேலை நிக்கும்."

வெளியே வந்தபோது சுந்துய் அதே நாற்காலியில், அதே சுவரைப் பார்த்தபடி இருந்தார். கதவு மெல்லிய பலகை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

படியிறங்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "அது பாதி நெஜம்தானே அக்கா?"

"இருபத்தேழு வருஷம் முழு நெஜமா எழுதிக் குடுத்தேன் பலாம். யாருக்கும் அதனால ஒரு கிண்ணம் சூப் கெடைக்கல." நான்காவது மாடியில் நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கு அசதியா இருக்கு. பாதியோட விடு."

*

நான்கு மணிக்குக் கழக அரங்கில் நாற்பது பேர் இருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ரோமத் தொப்பியோடு தலைமையாசிரியை. மேசைக்குப் பின்னால் கழகத் தலைவர் லுவ்சான், பக்கத்தில் குறிப்பெழுதும் பெண், ஓரத்தில் அம்கலன்.

அக்காவின் அறிக்கையைத் தலைவரே வாசித்தார். பதினொரு குதிரைகளும் ஒவ்வொன்றாகச் சுவர்த்திரையில் வந்தன. அரங்கில் பாதிப்பேர் சட்டென்று கண்டுபிடித்தார்கள், மீதிப்பேர் என்னைப்போல் விழித்தார்கள். லுவ்சான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "எனக்கே இது எத்தனையோ தடவ நடந்திருக்கு. நானும் கூடாரத்துல வளந்தவன்தான்." அரங்கம் சிரித்தது. தலைமையாசிரியையும் புன்னகைத்தார். யஞ்ஜ்மா கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்கலன் எழுந்தான்.

"கம்ப்யூட்டர் இல்ல. ஒத்துக்கறேன். டீச்சர்கிட்ட எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்." நிஜமாகவே தலை குனிந்தான். "ஒரே ஒரு வேண்டுகோள். இங்கயே எங்கூட ஒரு ஆட்டம் ஆடட்டும். நான் எப்படித் தோத்தேன்னு கண்ணால பாக்கணும். தோத்ததுலேர்ந்து தூக்கமே இல்ல எனக்கு."

அவன் வஞ்சகமாகக் கேட்டிருந்தால் அக்காவிடம் பதில் இருந்திருக்கும். அன்பாகக் கேட்டுவிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். டேப்லட்டை மேசையில் வைத்தார்கள். அக்கா என் பக்கம் திரும்பினார்.

யஞ்ஜ்மா எழுந்தார். மேசைவரை நடந்தார். நாற்காலியைப் பின்னால் இழுத்தார், ஆனால் உட்காரவில்லை.

"அவ இல்ல. ஆடினது நான்."

எல்லோரும் திரும்பினோம். கதவருகில் சுந்துய் நின்றார். நீல அங்கி, தொப்பியில் கரையாத பனி. இரண்டு வருடம் கீழே இறங்காதவர் மூன்று பஸ் மாறி வந்திருந்தார்.

"நீங்க யாரு?" என்றார் லுவ்சான்.

சுந்துய் வாயைத் திறந்தார், மூடினார். "இவ வீட்டுக்காரன்," என்றார்.

தலைமையாசிரியையின் புன்னகை போய்விட்டது. யஞ்ஜ்மா கண்ணாலேயே போகச் சொன்னார். அவர் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வலது கட்டைவிரலைத் திரைமேல் வைத்தார்.

ஆட்டம் சுவரில் பெரிதாக ஓடியது. ராணிச் சிப்பாய் இரண்டு கட்டம். ஒவ்வொரு நகர்வும் ஒரு நொடி, ஒரு நொடி. அம்கலனின் விரல் பறந்தது, சுந்துயின் கட்டைவிரல் நடந்தது, இருந்தும் காய் காயாக அம்கலன்தான் பின்வாங்கினான். ஐம்பத்தைந்து நகர்வுகளுக்குப் பிறகு கறுப்பு ராஜா மூலையில் முடங்கியது. சுந்துயிடம் மீதம் ஐந்து நொடி. பின்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அக்கா தொடையில் கிள்ளிய பிறகுதான் புரிந்தது. குதிரை. ஒரே நகர்வு. அரங்கமே அந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுந்துய் யானையை இறக்கினார். செக். ராஜா நகர்ந்தது. மறுபடி யானை, மறுபடி செக். இன்னொரு யானை. நேரம் தீர்ந்தது.

தோற்றுவிட்டார்.

"வேணும்னே விட்டிருக்கலாம்ல?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"ஒரு நிமிஷத்துல நடிக்க நேரம் ஏது?" என்றார் அக்கா.

அம்கலன் ஜெயித்த திரையைப் பார்க்கவே இல்லை. எதிரே இருந்த அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "இவர்தான்," என்றான். "என்னத் தோக்கடிச்சது இவர்தான்."

தீர்ப்புக்கு அதிக நேரம் ஆகவில்லை. கம்ப்யூட்டர் குற்றச்சாட்டு ரத்து. தன் கணக்கில் இன்னொருவரை ஆடவிட்டதால் கோப்பையும் ரத்து, யஞ்ஜ்மாவுக்கு ஒரு வருடம் போட்டித் தடை. லுவ்சான் இதை வாசிக்கும்போது குரலை ரொம்பத் தாழ்த்திக்கொண்டார். தலைமையாசிரியை எழுந்து யஞ்ஜ்மாவிடம் வந்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள சதுரங்க அறைச் சாவியக் குடுத்திடுங்க டீச்சர்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. யஞ்ஜ்மா சரி என்று தலையாட்டினார். அவர் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அக்காவின் பாதி உண்மை நின்றிருந்தால் அந்தப் பெண்ணுக்கு அடுப்பு எரிந்திருக்கும்.

குறிப்பெழுதும் பெண் பேனாவை எடுத்தாள். "இப்ப நடந்த ஆட்டத்தப் பதியணும். தோத்தவர் பேர் என்ன?"

சுந்துய் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பேரையே போட்டுக்கோங்க," என்றார் யஞ்ஜ்மா அவசரமாக.

"வேண்டாம்," என்றார் சுந்துய். தொண்டையைச் செருமிக்கொண்டார். "தம்தின் மகன் சுந்துய். ஊர் கோபி-அல்தாய். சரியா எழுதிக்கோம்மா."

அவள் எழுதினாள். சரியாக எழுதினாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு நானும் வரேன். அந்த அம்மாகிட்ட நான் பேசறேன். எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

யஞ்ஜ்மா, வேலை போனபோது அழாதவர், நாற்பது பேருக்கு நடுவில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். அழுதுகொண்டே ஏழு விரலைக் காட்டினார். சுந்துய் சரி என்றார்.